மாரிச்செல்வியின் இரண்டாவது கேள்வி

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் "சாப்ட்டாச்சா?" என்று கேட்போம். அது கேள்வி இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் நகர ஆரம்பித்த பிறகு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே நிற்பவரிடம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கீழே நின்றவர் இல்லை என்று சொல்லியிருந்தால் இவர் என்ன செய்திருப்பார்? பஸ்ஸை நிறுத்தி இறங்கி இட்லி வாங்கிக் கொடுத்திருப்பாரா? நல்லவேளை, அவர் "ஆச்சு, ஆச்சு" என்று கையை ஆட்டிவிட்டார்.

இந்த வழக்கத்துக்கு ஒரே ஒரு ஆளால்தான் தொந்தரவு. இலஞ்சியில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைக்கிற மாரிச்செல்வி. அவளும் எல்லாரையும் போலத்தான் கேட்பாள். நாமும் ஆச்சு என்போம். அதோடு அவள் விடமாட்டாள். "என்ன சாப்ட்டிய?" என்று இரண்டாவது கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லித் தப்பினால் மூன்றாவதும் உண்டு.

நான் ஒருதடவை வசமாக மாட்டிக்கொண்டேன். தென்காசியில் எனக்கு பைப்பும் பெயிண்டும் விற்கிற ஹார்டுவேர் கடை. ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சத்துணவுக் கூடத்துக்குக் குழாய் வாங்க வந்தாள். அன்றைக்கு வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் இட்லியும் இல்லை. வழக்கம் போலக் கேட்டாள், ஆச்சு என்றேன். என்ன சாப்பிட்டேன் என்றாள். தோசை என்றேன். "என்ன சட்னி?" என்றாள். சாப்பிடாதவனுக்குச் சட்னி அத்தனை சீக்கிரம் வாயில் வராது. நான் யோசித்த அந்த ஒரு நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அரைமணி நேரத்தில் அவள் புருஷன் மாடன் தன் குட்டி யானையை, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டியை, கடை வாசலில் நிறுத்தி ஒரு தூக்குச்சட்டியை இறக்கினான். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். நான் சாப்பிட்ட செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததில் அந்தச் சண்டை இன்னும் இரண்டு நாள் நீண்டது.

இவளுக்கு ஏன் இந்தத் துருவல் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் அப்பா கதையைச் சொன்னாள். 

அவள் பிறந்தது சிவகிரிப் பக்கம். அவளுக்கு ஒன்பது வயதானபோது இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்து, நெல் வயலெல்லாம் தரிசாகக் கிடந்தது. அப்பா பலவேசமும் அம்மா முப்பிடாதியம்மாளும் இவளையும் கூட்டிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புனலூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே முதலாளி வீட்டம்மா தங்கமானவள். தினமும் மத்தியானம் சூளைக்கு வந்து, புதிதாக வந்த பலவேசத்திடம் "ஊணு கழிச்சோ?" என்று கேட்பாள். சோறு தின்றாயா என்று அர்த்தம். பலவேசத்துக்கு 'ஊணு' விளங்கவில்லை, 'கழிச்சோ' நன்றாக விளங்கியது. ஒரு பொம்பிளை, அதுவும் முதலாளி பெண்டாட்டி, நாலு பேருக்கு நடுவில் இதைப் போய்க் கேட்கிறாளே என்று கூசிப்போய், தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சும்மா, காலையிலயே ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கிறாள்.

இப்படி நாலு நாள். முதலாளி வீட்டு அடுக்களையில் இவர்களுக்கென்று கப்பக்கிழங்கும் மீன் கறியும் ஆறிக்கொண்டிருக்க, இவர்கள் ஊரிலிருந்து கொண்டுபோன அவலை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் செங்கோட்டைக்காரர் ஒருவர் விஷயத்தை விளக்கிச் சொல்ல, மறுபடி அந்த அம்மா வந்து கேட்டதும் பலவேசம் சூளையே கேட்கும்படி, "இல்லம்மா, எங்க வீட்ல ஒருத்தரும் கழிக்கல" என்று கத்தினாராம்.

இதைச் சொல்லும்போது மாரிச்செல்விக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் நாலாம் நாள் அவல் தீர்ந்துபோனதைச் சொல்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவாள். ஆச்சு என்ற சொல்லை அவள் நம்பாமல் போனது அன்றிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

போன டிசம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழாவிட்டால் டூரிஸ்ட்காரன் திட்டுவான், கூடுதலாக விழுந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும். அந்த வாரம் கயிறு கட்டுகிற இடத்துக்கே போலீஸால் போக முடியவில்லை. சிற்றாறு கரையைத் தாண்டி இலஞ்சியில் இரண்டு தெருவுக்குள் புகுந்தது. தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மாரிச்செல்வி மூன்று வேளையும் அவர்களுக்குச் சமைத்தாள்.

தென்காசியில் நாங்கள் கொஞ்சம் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிவாரணக் கமிட்டி போட்டோம். மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஜாஹிரா பீவி அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கட்டி இருநூறு பை தயார் செய்தார்கள். அந்தப் பை யார் யாருக்குப் போகவேண்டும் என்று பட்டியல் எடுக்கிற பொறுப்பு எனக்கு. எனக்குப் பாரம், அதாவது படிவம், தயாரிப்பதில் ஒரு ஆசை உண்டு, அதை மறைப்பானேன். வீட்டில் எத்தனை பேர், கூரை இருக்கிறதா, சாப்பிட்டார்களா என்று கட்டம் போட்டு, என் அண்ணன் மகள் ஜெனியிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் அடித்து வாங்கினேன். பாரத்தின் தலையில் 'ஞானதுரை, ஒருங்கிணைப்பாளர்' என்று என் பெயரும் இருந்தது. அதை நான் போடச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை.

பாவூர்சத்திரம் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செங்கல் சூளை. அங்கே ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்து தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு நான் ஒருத்தனே போனேன். தகரக் கொட்டகையில் ஒன்பது குடும்பம், பிள்ளைகளோடு சேர்த்து முப்பத்தோரு பேர். கல் அறுக்கிற களத்தில் முழங்கால் தண்ணீர். நான் குடையை மடக்கிக்கொண்டு, "சாப்ட்டாச்சா?" என்றேன். முப்பத்தோரு பேரும் முகம் மலர்ந்து, "சாப்ட்டாச்சு" என்றார்கள். குழந்தைகள்கூட. எவ்வளவு அழகான தமிழ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாரத்தில் 'ஆம்' என்று டிக் அடித்து, பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து அப்படியே இலஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மணி இரண்டு இருக்கும். மாரிச்செல்வி அடுத்த பந்திக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒடிசாக்காரர்கள் தமிழ் பேசுகிற அழகை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாருமே ஆச்சுன்னா சொன்னாவ?"

"எல்லாருமே."

"என்ன சாப்ட்டாவன்னு கேட்டியளா அண்ணாச்சி?"

பாரத்தில் அந்தக் கட்டம் இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு ஏதோ இடறியது. அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பதினேழு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள், வயிறு நிறையத் தின்ற பிள்ளைகள்கூட எல்லாமாகச் சேர்ந்து ஆச்சு என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஒன்றாவது இன்னும் வேணும் என்று தட்டை நீட்டும் என்று சொன்னாள். பட்டியலை எப்போது முடிக்கவேண்டும் என்று கேட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது, காலையில் பைகளோடு லாரி, அங்கேயும் வெள்ளம் புகுந்த சிவகிரிப் பக்கம் கிளம்பிவிடும் என்றேன்.

உடனே அவள் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தவர்களிடம் போய், இந்தச் சோறு வேறு இடத்துக்குப் போகிறது, சாயங்காலம் உங்களுக்கு உப்புமாதான் என்று அறிவித்தாள். உப்புமா பிடிக்காத ஒரு பெரியவர் மட்டும் முணுமுணுத்தார். மற்ற எல்லாரும் கைபோட்டு, சோற்று அண்டாவையும் சாம்பார் வாளியையும் மாடனின் வண்டியில் ஏற்றினார்கள். முன்சீட்டில் மாடனுக்கும் மாரிச்செல்விக்கும் நடுவில் நான் என் பாரத்தோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொட்டகை வாசலில் வண்டி நின்றதும், பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பெயர் பசந்தி என்று பிறகு தெரிந்துகொண்டோம். மாரிச்செல்வி இறங்கி, இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, "சாப்ட்டாச்சு" என்றாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மாடனைப் பார்த்தும் சாப்ட்டாச்சு. என்னைப் பார்த்தும் சாப்ட்டாச்சு. கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள், வண்டியைப் பார்த்துச் சாப்ட்டாச்சு.

மாரிச்செல்வி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக உள்ளே போய், மூன்று கல் அடுப்புக்குள் கையை விட்டாள். சாம்பல் சில்லென்று ஈரமாக இருந்தது. மூடியிருந்த சட்டியைத் திறந்தாள். உள்ளே வெந்த பப்பாளிக்காய் நாலைந்து துண்டு கிடந்தது. அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் ஜெனி வந்து பேசினபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அவள் புனேயில் வேலை பார்த்தவள், இந்தி தெரியும்; பசந்திக்கும் கொஞ்சம் இந்தி வந்தது. அவர்களைக் கூட்டி வந்த ஏஜென்ட் ரயிலிலேயே பாடம் எடுத்திருக்கிறான்: இந்த ஊரில் நமஸ்தே சொல்லமாட்டார்கள், சாப்ட்டாச்சா என்பார்கள், நீங்கள் சாப்ட்டாச்சு என்றால் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் அவன் எங்களைப் பற்றிச் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மழையில் வேலை நின்றதும் அவன் போனை அணைத்துவிட்டான். சூளைக்காரர் மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். இவர்கள் கொண்டுவந்த அரிசி தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் குடையோடு வந்து நின்று வணக்கம் சொன்னதாகவும், தாங்கள் மரியாதையாகப் பதில் வணக்கம் சொன்னதாகவும் அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மாரிச்செல்வி எதையும் கேட்கவில்லை. பாயை விரிக்கச் சொல்லிச் சைகை காட்டி, தட்டு தட்டாகப் போட்டாள். பிள்ளைகள் தின்றன. பெரியவர்கள் பாதி சாப்பிட்டதும் கை கழுவினார்கள். பசந்தி எழுந்து, மீதமிருந்த சோற்றை ஒரு பானையில் கொட்டி, அதில் குடம் தண்ணீரை ஊற்றினாள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல சோற்றில் தண்ணீரை ஊற்றுகிறாளே, நம் சாம்பார் பிடிக்கவில்லையோ என்று மாரிச்செல்வியின் காதில் சொன்னேன்.

"அண்ணாச்சி, பழையதுக்குத் தண்ணி ஊத்துதா. நாளைக்குன்னு எடுத்து வைக்கா. நாளைக்கு நாம வருவோம்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் என் பாரத்தைக் கிழித்துப் போடவேண்டும் போல வெட்கமாக இருந்தது.

நாளைக்கு வருவோம் என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. மாடன் விரலைக் காட்டினான், சூரியன் உதிப்பது போல நடித்தான், பிள்ளைகள் சிரித்தன. மாரிச்செல்வி யோசித்துவிட்டு, காலி அண்டாவைக் கழுவி, வண்டியில் ஏற்றாமல் பசந்தியின் பக்கம் தள்ளினாள். பள்ளிக்கூடத்து அண்டா, பக்கத்தில் பெரிதாகப் பெயிண்டில் நம்பர் எழுதியது. தன்னைத் தொட்டுக் காட்டினாள், அண்டாவைத் தொட்டுக் காட்டினாள், ரோட்டைக் காட்டினாள். இவ்வளவு பெரிய அண்டாவை விட்டுவிட்டு எந்தச் சமையல்காரியும் போகமாட்டாள் என்பது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் புரியும். பசந்தி அண்டாவை இரண்டு கையாலும் உள்ளே இழுத்து வைத்தாள்.

திரும்பும்போது மணி நாலரை. கமிட்டியில் எல்லார் முன்னாலும், ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டு, நான் பசியைப் பார்த்து 'தேவையில்லை' என்று எழுதியதை எப்படிச் சொல்வது? நாளைக்குத் தனியாக ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கொள்ளலாம் என்று மனசு வழி தேடியது. தென்காசி எல்லை வந்ததும் மாரிச்செல்வி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க போயி சொல்லுதியளா, நான் வந்து சொல்லட்டா?"

நானே சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் போல இருந்தது. இருநூறு பையிலும் பெயர் எழுதி ஒட்டியாயிற்றே என்று ஒருவர் இழுத்தார். ஜாஹிரா பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இருநூறோட நிறுத்தணும்னு யாரு சொன்னா? இருநூத்தி ஒம்பதுன்னு எழுதுங்க" என்றார்கள். பிறகு என் பாரத்தை வாங்கிப் பார்த்து, இதில் ஒரு கட்டம் குறைகிறது என்றும் சொன்னார்கள். அது என்ன கட்டம் என்று எனக்கு அதற்குள் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஒன்பது பை சூளைக்குப் போயிற்று. ஜெனி கூடவே போனாள். அதற்குப் பிறகு மாரிச்செல்வி அங்கே அடிக்கடி போய்வந்தாள், மாடன் வண்டியில், பஸ்ஸில், சிலசமயம் என் ஸ்கூட்டரின் பின்னால். போகும்போதெல்லாம் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, அடுப்புச் சோதனை. அண்டாவை மட்டும் எடுத்து வரவில்லை. கேட்டால், இருக்கட்டும் அண்ணாச்சி, இப்போது எடுத்தால் இனி வரமாட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பாள்.

பொங்கல் கழிந்து வெயில் அடித்தது. சூளையில் வேலை ஆரம்பித்தது. சூளைக்காரர் வந்துவிட்டார், இவர்களுக்கு வாரக்கூலி கைக்கு வரத் தொடங்கியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கவேண்டும், அண்டா இல்லாமல் முடியாது என்று மாரிச்செல்வி என்னைக் கூப்பிட்டாள். விடியற்காலையிலிருந்து, முகாம் நடந்த கூடத்தை உரசிக் கழுவிவிட்டு, சேலை முந்தானை ஈரத்தோடு ஸ்கூட்டரில் ஏறினாள்.

களத்தில் ஈரக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அண்டாவைக் கொட்டகை வாசலில் பளபளவென்று விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பசந்தி மண் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை அவள் நெஞ்சில் கை வைக்கவில்லை.

"சாப்ட்டாச்சா?" என்றாள்.

"ஆச்சு, ஆச்சு" என்றாள் மாரிச்செல்வி, அண்டாவைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சாப்ட்ட?"

மாரிச்செல்வி நிமிர்ந்தாள். "தோசை."

"என்ன சட்னி?"

ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு மூன்றையும் அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், குரல் ஏற்றம்கூட மாறவில்லை. நான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். அவளுக்கு வாயில் சட்னி வரவில்லை. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தாள். தண்ணீர் ஊற்றிய பழைய சோறு, ஒரு வெங்காயம், சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய். தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாரிச்செல்வி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயில் அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மிளகாய் காரம் என்று சொல்ல அதில் மிளகாய் இல்லை.

"அண்ணாச்சி, இத்தன வருசத்துல என்கிட்ட ரெண்டாவது கேள்வி யாரும் கேட்டதில்ல" என்றாள்.

உண்மைதான். அவள் கையால் உளுந்தஞ்சோறு தின்ற நானும் கேட்டதில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சாப்ட்டாச்சா என்றிருக்கிறேன், ஆச்சு என்றிருக்கிறாள், நான் என் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். அதை நினைக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் அழுதுகொண்டே அடுத்த வாய்க்குக் கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் வை என்று சைகை காட்டியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பசந்தி இப்போது என் பக்கம் திரும்பினாள்.

"சாப்ட்டாச்சா?"

காலையில் வீட்டில் பூரிக்கிழங்கு. ஆறு பூரி சாப்பிட்டிருந்தேன்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுப் பாயில் உட்கார்ந்தேன்.